இத்தாலி போய் வந்த பல்சக்கரம்

மழை நனைத்த மண்ணின் ஈரம் மணிக்கு ஆயிரத்து நூறு ரூபாய். டீசல் உட்பட. கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் இதுதான் விலை. பேசினால் ஐம்பது குறையும். மேகம் காசு கேட்பதில்லை. ஆனால் ஈரம் காய்வதற்குள் மண்ணைப் புரட்டியாக வேண்டுமே, அதற்குப் பழனிமுத்துவின் குட்டி டிராக்டர் வாங்கும் வாடகை அது. டிராக்டர் நின்றுபோனால் ஈரத்துக்கு விலையே கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது.

நின்றுபோனது.

எனக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. அப்பா பேளுக்குறிச்சிச் சந்தையில் கொத்தமல்லி விற்றவர், தாய்மாமா மாட்டுத் தரகர். எங்கள் வீட்டில் கசாயத்தைக்கூட எத்தனை மடக்கு என்று பேரம் பேசித்தான் குடிப்போம். அப்படிப்பட்டவனுக்குக் காலையில் போன் வந்தது.

"அண்ணா, முன் ஆக்சில்ல பல்சக்கரம் போயிருச்சுங்க. ஒடஞ்ச பல்லு உள்ளார மாட்டிக்கிட்டு வண்டி முன்னயும் போகமாட்டேங்குது, பின்னயும் வரமாட்டேங்குது."

"நல்ல மழையா?"

"அதானுங்க பயமா இருக்குது. சாமை வெதைக்கிற மழை. நாலு பேரு காடு ஓட்டித் தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

நாலு பேர் என்றால் சென்னம்மாள், தேவராஜ், செங்கோடன், நான்காவது அவனே. ஆளுக்கு ஒரு ஏக்கர். இந்த வண்டி வந்த தைரியத்தில் மற்ற மூவரும் மாட்டை விற்றுவிட்டவர்கள். கீழே இருந்து பெரிய டிராக்டரைக் கூப்பிடலாம் என்றால், அது அந்தப் படிக்கட்டு நிலங்களின் வரப்பு ஏறாது.

என் அலமாரியில் அதே அளவில் ஒரு பல்சக்கரம் இருந்தது. கோயமுத்தூர்ச் சரக்கு, மூவாயிரத்து இருநூறு ரூபாய். கம்பெனிப் பெட்டியில் வருவது பதினாலாயிரத்து ஐந்நூறு. இரண்டு விலையையும் சொன்னேன்.

"அந்த லோக்கலைப் போட்டுக்கலாமுங்களா?" என்றான்.

"மலைக்கு அது தாங்காது கண்ணு. ஒரிஜினல்தான் வேணும்."

இதில் பாதி நம்பிக்கை, பாதி லாபம். எது எந்தப் பாதி என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

"அதுவுஞ் செரிதானுங்க. ஜப்பான் வண்டிக்கு ஜப்பான் சாமான்தானே போடோணும்."

ஜப்பான் என்பது பெயரில் மட்டும்தான். இன்ஜின் கொரியாவில் வார்த்தது. பம்பு ஜெர்மனி. பெல்ட் தாய்லாந்து. மேல்தகரமும் சீட்டும் புனே. முன் ஆக்சில் இத்தாலி. எல்லாவற்றையும் முடுக்கி ஒன்றாக்கியது வடக்கே ஒரு தொழிற்சாலை. கோயில் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்குவதுபோல, நாட்டுக்கு ஒரு சாமான். பொங்கி இறக்கிவிட்டால் யார் வீட்டு அரிசி என்று எவரும் கேட்பதில்லை. அடி பிடித்தால்தான் விசாரணை.

நான் விசாரித்தேன். சென்னை டிப்போவில் சரக்கு இல்லை, இத்தாலியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இந்த வாரம் என்றார்கள். பிறகு துறைமுகத்தில் இருக்கிறது என்றார்கள். துறைமுகத்தில் எதற்கு இருக்கிறது என்றால், அதற்கு வேறொரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரில் பாட்டு மட்டும் பாடியது. இங்கே பழனிமுத்து தினமும் கூப்பிட்டான். முதலில் "எப்பங்க வரும்?" என்று கேட்டான். அப்புறம் "மண்ணு வெளுக்குதுங்க" என்றான். கடைசியில் போனை எடுத்து மூச்சு மட்டும் விட்டான். நானும் மூச்சு விட்டேன்.

மூன்றாவது வாரம் பெட்டி வந்தது. கூரியர்காரன் மலையேற மாட்டான். நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி இடது தொடையிலிருந்து வலது தொடைக்குப் போய்த் திரும்பி வந்தது. உச்சிக்கு வந்தபோது, கடல் கடந்தது பெட்டியா நானா என்று சந்தேகமாக இருந்தது.

வண்டி நிலத்து நடுவில் பாதி உழுத சாலில் நின்றிருந்தது. ஆக்சிலைக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்தான் பழனிமுத்து. ஆள் இளைத்திருந்தான். அவன் மனைவி ராசாமணி ஒரு மண்கட்டியை எடுத்து என் முன்னால் கையால் நசுக்கினாள். பொடியாகப் பறந்தது.

"பாத்துக்கோங்க," என்றாள்.

பெட்டியைப் பிரித்தான். வெளியே இத்தாலி எழுத்து. உள்ளே எண்ணெய்த்தாள். அதற்குள் பல்சக்கரம், பளபளவென்று, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி. ராசாமணி அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

"ஏனுங்க, இதுல கோயமுத்தூருன்னு போட்டிருக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அரசிலை முத்திரை. அந்த இலையை எனக்குத் தெரியும். என் அலமாரியில் கிடக்கும் சக்கரத்திலும் அதே இலை, அதே இடத்தில். கோயமுத்தூரில் பிறந்து, கப்பலேறி இத்தாலி போய், அங்கே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து, திரும்பவும் கப்பலேறி வந்திருக்கிறது. பக்கத்துச் சேந்தமங்கலம் போக டெல்லிக்கு டிக்கெட் எடுத்தவன் கதை.

"உங்க கடையில இருந்த லோக்கலு எந்த ஊருங்க?" என்றாள் ராசாமணி.

பொய் சொல்லத் தெம்பு வேண்டும். அன்று என்னிடம் அது இல்லை.

"அதுவும் இதேதான் அம்மிணி. இதே பட்டறை."

பழனிமுத்து என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

ராசாமணி அவன் விட்டுப்போன துண்டை எடுத்தாள். வலது கையில் போர்த்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"வாங்க. சந்தைப் பேச்சே பேசிக்குவோம்."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்கப்பன் காளை ஓட்டிக்கிட்டு எறங்குனா நானுந்தான் போவேன். கையைக் குடுங்க."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கடியில் விரலால்தான் பேசுவார்கள். துண்டுக்குள் கை வைத்தேன். மூன்று விரலை இறுக்கிப் பிடித்தாள். நட்டத்துக்கு மூவாயிரம்! பத்து கேட்பாள் என்று பயந்திருந்தேன். களைப்பில் வந்த சந்தோஷம் வேறு மாதிரியானது, யோசிக்கவே விடாது. பதிலுக்கு நானும் இறுக்கினேன்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "மூணு ஏக்கருங்க."

"ஏக்கரா? ரூபாய் இல்லையா?"

"ரூபாய்னு நீங்க சொன்னீங்களா?"

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. துண்டுக்குள் எண் மட்டும்தான் போகும். எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள், இல்லாவிட்டால் கையை உள்ளே விடாதே என்று மாமா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குட்டு வாங்கிய இடம் இப்போது வலித்தது.

"சென்னம்மாக்கா காடு மட்டும் பள்ளத்துல இருக்குது, அதுல இன்னும் பதம் இருக்குது. இன்னைக்கே ஓட்டிருவாரு. மிச்ச மூணும் காஞ்சு போச்சு. அடுத்த மழைக்கு இந்த வண்டியே ஓட்டும். வாடகை நீங்க குடுக்கோணும்."

"மழை வரலீன்னா?"

"வார வரைக்கும் கடன் நிக்குமுங்க. நாங்க எங்க போயிரப் போறோம்?"

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு மூன்று மணி வைத்தால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள விலை வித்தியாசம் பதினோராயிரத்து முந்நூறு. ஆயிரத்து நானூறு எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். பஸ் ஏறி வந்ததற்காக இருக்கும்.

மதியம் தாண்டி வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. பழனிமுத்து தன் நிலத்துப் பாதி உழவை அப்படியே விட்டுவிட்டு, சென்னம்மாளின் பள்ளத்துக்கு இறங்கினான். அங்கே மண் கருப்பாகப் புரண்டது. கொக்கு ஒன்று எங்கிருந்தோ வந்து பின்னாலேயே நடந்தது. நான் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு உட்கார்ந்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆக, கணக்கு இதுதான். நான்கு ஏக்கரில் ஒன்று தீர்ந்தது. மூன்று என் பேரில் பற்று. அதைத் தீர்க்க வேண்டிய மழை ஒன்று, இன்னும் வரவு இல்லை.