நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மூசன்போ ஊர்க்கூடத்தில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். நாட்டின் பதினைந்தாண்டு மின்திட்டத்தை விளக்க, செஜோங்கிலுள்ள அமைச்சகத்திலிருந்து இயக்குநர் பாங்கும் நானும் போயிருந்தோம். ஆறு ஆண்டுகளில் அந்த ஊரின் நிலக்கரி மின்நிலையம் மூடப்படும். கடலில் காற்றாலைகள் வரும். ஊழியர்களைப் பற்றிய அட்டவணை என்னுடையது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்: வேறு பணிக்கு மாறுவோர் 214, வேலை இழப்போர் பூஜ்யம்.

என் அக்காவின் கணவர் தொக்மான் மூன்றாம் வரிசையில் இருந்தார். பத்தொன்பது வருடமாக அந்த நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டைப் பராமரிப்பவர். ஆனால் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். போன சுசோக் அறுவடைத் திருநாள் விருந்தில், தங்கள் வேலை என்னாகும் என்று கேட்டார். "யாருக்கும் வேலை போகாது அத்தான்" என்றேன். அதை நம்பி, தெற்கே கப்பல் தளத்தில் கிடைத்த வேலையை அவரும் அவருடைய குழுவினர் பதினோரு பேரும் மறுத்துவிட்டார்கள்.

அப்போது அட்டவணையின் வரைவில் ஒப்பந்த ஆட்களுக்கும் ஒரு வரி இருந்தது. மறுமாதம் பாங் அதில் விரலை வைத்தார். "இவங்க நம்ம நிலையத்து ஆளே இல்லையே. சேர்த்தா பூஜ்யம் வராது. அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம்."

திட்டத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவோம். அதனால் எங்கள் அலுவலகத்தில் 'அடுத்த திட்டம்' என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. நான் வரியை நீக்கினேன். அத்தானிடம் சொல்லவில்லை.

"காத்தாடிக்கு எண்ணெய் போடவாவது எங்களக் கூப்பிடுவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு.

அத்தான் எழுந்தார். "சும்மா இருங்கடா. கணக்குப் போட்டதே என் மச்சான்தான். ஐயா, பெல்ட்டு ஆளுங்க எத்தனை பேருன்னு மட்டும் அவனைப் படிக்கச் சொல்லுங்க. இவனுங்க என்னை நம்ப மாட்டேங்கிறானுங்க."

பாங் ஒலிவாங்கியை என் பக்கம் நகர்த்தினார். இல்லாத வரியைத் தேடுவதுபோல் பக்கத்தில் விரலை ஓட்டினேன்.

"இந்தப் பக்கத்துல இல்ல."

"அடுத்த பக்கத்துல இருக்கும், நிதானமா பாரு மாப்ள."

"எதுலயும் இல்ல அத்தான்."

அவருடைய குழுவில் ஒருவன் சொன்னான்: "அண்ணே, உங்க மச்சானுக்கே உங்களை யாருன்னு தெரியலையே!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தான் இயக்குநரை நோக்கி இடுப்பு வரை குனிந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. விவரம் தெரியாம கேட்டுட்டேன்."

கூட்டம் கலையும்போது அந்தப் பதினோரு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தபடி போனார்கள்.

வாசலில் அவரைப் பிடித்தேன். "அந்த வரி இருந்துச்சு அத்தான். நான்தான் எடுத்தேன்."

அவர் வண்டிகள் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க அக்காகிட்ட சொல்லாத. தம்பி எழுதின திட்டம்னு காலையிலதான் தெரு பூரா சொல்லிட்டு வந்தா."

பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ. உனக்காகச் சிப்பிச் சோறு வச்சிருக்கா" என்றார்.

வேலை இருப்பதாகச் சொல்லி இயக்குநரின் காரில் ஏறினேன்.