ஆரஞ்சுத் தகடும் நகப்பூச்சும்

பணி ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், நடைப்பயிற்சி போவார்கள், பேரன் பேத்தியைப் பள்ளியில் விடுவார்கள். நான் லாரி ஓட்ட லைசென்ஸ் எடுத்தேன். காலமெல்லாம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை குத்தியவனுக்கு அதைவிட உயரமான இருக்கை வேண்டுமென்று ஓர் ஆசை. ஓட்டுநர் தேர்வில் நான் லாரியைப் பின்னால் எடுத்த அழகைப் பார்த்து, தேர்வு வைத்தவருக்கு அங்கேயே தலை நரைத்துவிட்டது. அவர் ஏற்கனவே நரைத்தவர்தான் என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு எதையும் சுவையாகச் சொல்லத் தெரியாது.

லைசென்ஸ் மட்டும் இருந்தால் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், கூடுதலாக ஏதாவது தகுதி வேண்டும் என்றார்கள். பயிற்சி நிலையத்தில் ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். டிரெய்லர், டேங்கர், கிரேன், குளிர்ப்பெட்டி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன்போல எல்லாவற்றிலும் ஒரு கை பார்க்க எனக்கு ஆசை. ஆனால் கடைசி வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது: அபாயகரமான சரக்கு. தீப்பிடிக்கும், வெடிக்கும், அரிக்கும். நாற்பது வருடம் ஒரு பேனா மூடிகூட என்னைப் பார்த்துப் பயந்ததில்லை.

"என்னங்க, வெடிக்கிறதா? வீட்டுல பிரஷர் குக்கர் சத்தம் போட்டாலே நீங்க பாத்ரூமுக்குள்ள ஓடிடுவீங்க" என்றாள் மனைவி.

"அது வேற, இது வேற."

"சரி, போங்க. ஆனா அந்த ஃபோர்க்லிஃப்டையும் சேர்த்துப் படிங்க. கொண்டுபோற சாமானை யாரு எறக்குவா? உங்க மாமனாரா?"

ஃபோர்க்லிஃப்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடவுனுக்குள் பேலட் பலகையோடு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைக் கவ்விய கோழிபோலக் குடுகுடுவென்று ஓடும். அதில் உட்கார்ந்தவன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வீரனாகத் தெரிய மாட்டான். இருந்தாலும் வீட்டுச் சமாதானத்துக்காக அதையும் படித்துத் தேறினேன். சான்றிதழைக் கோப்பின் அடியில், ஒரு பழைய மருந்துச் சீட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அபாயகரமான சரக்குச் சான்றிதழை மேலே வைத்தேன். கூடவே, அபாயகரமான சரக்கு ஏற்றிய லாரியின் முகப்பில் மாட்டும் ஆரஞ்சு நிறத் தகடு ஒன்றையும் சொந்தமாக வாங்கிக்கொண்டேன். யாரும் வாங்கச் சொல்லவில்லை.

ஒரு லாரி கம்பெனி முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். ஒரே ஒரு ஓட்டுநர் வேலைதான் இருந்தது.

"ஒரு நடை போயிட்டு வாங்க, பார்ப்போம். நம்ம கிளை கோடவுன்தான். சரக்கை வாங்குற கடைக்காரர் வண்டியோட அங்க நிப்பாரு. அவர் கிளம்புறதுக்குள்ள சரக்கு எறங்கணும். எறங்கினா வேலை உங்களுக்கு. எறங்கலைன்னா, மன்னிச்சுக்குங்க" என்றார்.

"என்ன சரக்கு மேடம்?"

"நகப்பூச்சு. சின்னச் சின்ன பாட்டில்."

என் நெஞ்சு துள்ளியது. நகப்பூச்சு தீப்பிடிக்கும்! சின்னப் புட்டிகளாக அட்டைப்பெட்டியில் போனால் தகடு தேவையில்லை என்று வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்று நான் தீயணைக்கும் கருவியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். சரக்கு ஏறும் நேரத்தில் பட்டறையில் துளைபோடும் கருவியை இரவல் வாங்கி, தகட்டை முன்பக்க பம்பரில் ரிவெட் அடித்து இறுக்கினேன். பூகம்பம் வந்தாலும் கழலாது.

ஊரே வழிவிட்டது. ஒரு பேருந்து ஓட்டுநர் என்னைக் கண்டதும் ஒதுங்கினார். பெட்ரோல் பங்க்கில் பீடி பிடித்தவர் அதை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் ஒரு விரலைத் தூக்கி மன்னர்போல ஆசி வழங்கினேன்.

மலைக்குக் குறுக்கே ஒரு சுரங்கப்பாதை. வாசலில் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தகடு போட்ட வண்டி உள்ள போகக்கூடாது. மலையைச் சுத்திப் போங்க."

"இது வெறும் நகப்பூச்சுதாங்க."

"அப்புறம் எதுக்கு தகடு?"

அழகுக்கு என்றா சொல்வது?

"கழட்டிடுங்க, விட்டுடறேன்."

"ரிவெட் அடிச்சிட்டேன்."

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"துண்டைப் போட்டு மூடிக்கட்டுமா?"

"மூடினா இன்னும் சந்தேகமா இருக்கும், பெரியவரே. திருப்புங்க."

மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஒரு வளைவில் என் லாரியின் பின்பக்க நம்பர் பலகையை நானே படித்தேன். அதற்குமேல் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கோடவுனை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். வாயிற்காவலர் மட்டும் இருந்தார். கடைக்காரர் தன் வேனின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் உங்க சரக்கு எனக்கு வேண்டாம்" என்றார்.

முதலாளியம்மாவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல என் குரல் சுருங்கி எறும்பின் குரலாகிவிட்டது.

"ஆள் இல்லாம எப்படி எறக்குவீங்க? லாரி சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போங்க" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, மனைவி முன்னால் நிற்கும் காட்சி கண்முன் வந்தது. 'கொண்டுபோற சாமானை யாரு எறக்குவா?' அவள் முகத்தை நினைத்த மாத்திரத்தில் மருந்துச் சீட்டு நினைவுக்கு வந்தது.

"மேடம், வைச்சிடாதீங்க. எனக்கு ஃபோர்க்லிஃப்ட் தெரியும். சான்றிதழ் இருக்கு."

"என்னது? அனுப்புங்க."

வண்டியில் இருந்த கோப்பிலிருந்து அதை உருவிப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்ததும், "அடப்பாவமே, இதை ஏன் சார் ஒளிச்சு வைச்சீங்க? வாட்ச்மேன்கிட்ட போனைக் கொடுங்க, ஃபோர்க்லிஃப்ட் சாவி தரச் சொல்றேன்" என்றார்.

கட்டிலைக் கவ்விய கோழியில் ஏறி உட்கார்ந்தேன். பேலட் பேலட்டாக எடுத்தேன், இறக்கினேன், வேன் வாசலில் வைத்தேன். ஒரு புட்டி உடையவில்லை. கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கொட்டாவிதான் விட்டார் என்றும் ஒரு கருத்து உண்டு.

மறுநாள் முதலாளியம்மா சொன்னார்: "சின்ன ஊர் கோடவுன்ல எல்லாம் எறக்க ஆள் கிடைக்கிறதில்ல. நீங்களே ஓட்டிட்டுப் போய் நீங்களே எறக்குங்க. வேலை உங்களுக்குத்தான். ஆனா என் பம்பர்ல கை வைச்சீங்கன்னா நான்தான் அபாயகரமான சரக்கு."

பட்டறைக்காரர் ரிவெட்டை அறுத்துத் தகட்டை என் கையில் கொடுத்தார். வீட்டில் மனைவி அதை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டாள். நான் சமைக்கும் நாளில் மட்டும் சமையலறைக் கதவில் மாட்டுகிறாள். என் மகள் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, சுற்றுவழியாக ஓட்டலுக்குப் போய்விடுகிறாள்.