எண்ணெய் படாத கை

கூடைக்கு அடி இல்லை என்பதே சொரிமுத்துவுக்கு முதலில் பிடிபடவில்லை. அடியில்லாத கூடையில் பந்தைப் போட்டால் கீழே விழத்தான் செய்யும். விழுகிற பந்துக்குப் பின்னால் பத்துப் பெண்பிள்ளைகள் மூச்சிரைக்க ஓட, அதைப் பார்ப்பதற்கென்று இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், இதில் வேறு ஏதோ சங்கதி இருக்கிறது என்று நினைத்தார்.

"ஏன் மசூது, கூடைக்கு அடிய வச்சுத் தச்சா என்ன கொள்ளை போவுது?"

"தச்சா பந்து மேலயே தங்கிரும் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் நீங்க ஏணி வச்சு ஏறி எடுத்துக் குடுக்கீயளா?"

மசூது துபாயில் லாரி ஓட்டியவன். அங்கே அவன் தங்கியிருந்த இடத்துக்கு அடுத்தாற்போல பிலிப்பைன்ஸ்காரப் பையன்கள் இதே விளையாட்டை விளையாடுவார்களாம். இப்போது குத்துக்கல்வலசையில் டீக்கடை போட்டிருக்கிறான். சர்வதேச மாணவர் போட்டி நம்ம ஊர்க் கல்லூரி உள்ளரங்கத்திலேயே நடக்கிறது என்றதும் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, சொரிமுத்துவையும் இழுத்துக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்தான். சொரிமுத்துவுக்கும் வராமல் இருக்க முடியாது. இந்திய அணியில் அவருடைய மகள் வேல்விழி இருக்கிறாள்.

இருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். சொரிமுத்து அவ்வளவு சீக்கிரம் எதையும் நம்புகிற ஆள் இல்லை. சாரல் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறது அவர் தொழில். அருவிக்கரையில் எண்ணெயே கூடாது என்று தடை போட்ட பிறகு லாட்ஜ் லாட்ஜாகப் போய்த் தேய்க்கிறார். தேய்த்துக்கொள்ளும்போது அண்ணன் தம்பி என்று குழைந்துவிட்டு, குளித்து முடித்ததும் முகம் திருப்பிக்கொள்ளும் மனுசர்களைப் பார்த்துப் பார்த்து, எவனிடமும் ஒரு சாண் தள்ளி நிற்கப் பழகிவிட்டார்.

அவர் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இதுவரை நடந்த ஆட்டங்கள் எதிலும் வேல்விழியைக் கோட்டுக்குள் விடவில்லை. நீலச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். விசில் அடித்தால் எழுந்து ஓடி, ஆடி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேர்வைத் துண்டை வாங்கி மடித்து வைத்தாள்.

"துண்டு மடிக்கவா மெட்ராஸ்ல வச்சுப் படிக்க வச்சேன்?"

"எடுத்ததும் எறக்க மாட்டாங்க அண்ணாச்சி. அதுக்கொரு நேரம் இருக்கு."

"ஒனக்கு எல்லாம் தெரியும். துபாய்ல பந்தா ஆடுன? லாரிதான ஓட்டுன?"

வியாழக்கிழமை சாயங்காலம் அணி தங்கியிருந்த குற்றாலம் லாட்ஜுக்கே போய்விட்டார். வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். வேல்விழி படியிறங்கி வந்தாள். குதிகாலைத் தரையில் ஊன்றாமல் அவளுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே இன்னொருத்தி வந்தாள். பஞ்சாபுக்காரி, ஜஸ்லீன் என்று பேர், அணிக்குத் தலைவி. வாசல் நிலையில் தலை இடித்துவிடும் என்று சொரிமுத்து பயந்தார். அவ்வளவு உயரம்.

"ஏட்டி, நாளைக்காவது ஒன்ன உள்ள விடுவாகளா?"

வேல்விழி கீழே பார்த்தாள். "நாளைக்குத்தான் கடைசி ஆட்டம்ப்பா. கஜகஸ்தான்கூட. செயிச்சா வெண்கலம். நாளைக்கும் நான் எறங்கலன்னா அடுத்த கேம்புக்குக் கூப்பிட மாட்டாங்க. கோச் மேடம் நேத்தே சொல்லிட்டாங்க, கோட்டுக்குள்ள கால் வைக்காதவங்களுக்கு அடுத்த லிஸ்ட்ல எடமில்லன்னு."

"அப்ப மெட்ராஸ்?"

"ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வரணும்."

வருத்தத்தைக் காட்டிக்கொள்கிற வழக்கம் சொரிமுத்துவுக்குக் கிடையாது. ஜஸ்லீன் காலில் புஸ்ஸென்று ஏதோ டப்பாவைப் பீய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"அது என்ன, கரப்பாம்பூச்சி மருந்தா?"

"வலிக்கு அடிக்கிறது. எல்லாருக்கும் ஒடம்பு அடிச்சுப்போட்டாப்ல இருக்குப்பா. நாலு நாளா ஓடி ஓடி."

"நாளைக்கு வெள்ளிக்கிழம. பொம்பளைய எல்லாம் எண்ணெய் தேய்க்கிற நாள். குத்தாலத்துக்கு வந்துட்டு எண்ணெய் தேய்க்காமப் போனா எவளுக்கு வலி போவும்? அம்மைய அனுப்புதேன். ஒங்க கோச்சுட்ட கேக்காத, அந்தம்மா வேண்டாம்பா."

வேல்விழி தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம், "சரி, அம்மாவ வரச்சொல்லுங்க" என்றாள்.

நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் பூண்டும் போட்டுக் காய்ச்சினார் சொரிமுத்து. ஊரான்களுக்குக் காய்ச்சும்போது பூண்டைக் குறைப்பார். இதில் குறைக்கவில்லை. பெரிய கேன் நிறைய ஊற்றி, ஆறவைத்து, விடிந்ததும் பெண்டாட்டி முருகம்மாளோடு பஸ் ஏறினார்.

கோச்சம்மா ஏதோ கூட்டமென்று வெளியே போயிருந்தாள். முருகம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். சொரிமுத்து கீழே காவலுக்கு இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். மேலேயிருந்து சத்தம் வந்தது. முதலில் யாரோ ஐயோ என்றாள், அப்புறம் சிரிப்பு, அப்புறம் ஒருத்திக்குப் பின் ஒருத்தி எனக்கு எனக்கு என்று அவரவர் பாஷையில் கத்தினார்கள். இந்தியா பூராவும் ஒரு லாட்ஜ் மாடியில் எண்ணெய்க்கு அடித்துக்கொண்டது.

ரொம்ப நேரங்கழித்து முருகம்மாள் இறங்கி வந்தாள். முழங்கைவரை மினுமினுத்தது.

"என்னா ஒடம்புங்கீய! தேக்குக் கட்ட மாதிரி. அந்த நெட்டச்சி அப்டியே தூங்கிட்டா. சீயக்கா தேச்சுக் குளிங்கட்டின்னா கேக்க மாட்டேங்குதாளுவ, கண்ணு எரியுமாம். ஏதோ வாசன சோப்ப ரெண்டு சொட்டு ஊத்தித் தொடச்சுக்கிட்டாளுவ."

"ஒம்மவ?"

"அவளுக்கு வேண்டாமாம். கெஞ்சிப் பாத்தேன். இந்தாங்க, மிச்சம்."

கேனில் கால்வாசி எண்ணெய் கிடந்தது. அவர் அதை மூடி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். பெற்ற மகளுக்கு அப்பன் காய்ச்சின எண்ணெய் வேண்டாம் என்றால் மெட்ராஸ் தண்ணி ஏறிவிட்டது, வேறென்ன என்று நினைத்தார்.

சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மசூது பக்கத்தில் உட்கார்ந்தார். வேல்விழி பெஞ்சில்தான் இருந்தாள். உள்ளே போன ஐந்து பேரும் முதலில் நன்றாகத்தான் ஆடினார்கள். ஜஸ்லீன் நொண்டவில்லை. சொரிமுத்து மசூதின் தொடையில் ஒரு குத்துக் குத்தினார்.

"பாத்தியா கால? டப்பாவா கேட்டிச்சு? என் எண்ணெய்லா!"

வேர்க்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது.

உடம்புக்குள் இறங்கின எண்ணெய் வேர்வையோடு கசிந்து வெளியே வந்தது. ஜஸ்லீன் தலைக்கு மேல் பிடித்த பந்து, கையில் பிடித்த விரால் மாதிரி நழுவிப் பின்னால் விழுந்தது. இன்னொருத்தி கூடைக்கு எறிந்தது கூட்டத்துக்குள் போனது. இவர்கள் கைபட்டுப் பந்தும் எண்ணெயாகி, கஜகஸ்தான் பெண்பிள்ளைகளும் நழுவவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி தன் உள்ளங்கையை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். அம்பயர் விசில் அடித்து, பந்தைத் துடைத்து, அப்புறம் பந்தையே மாற்றினார். கொட்டகை பூராவும் பூண்டு வாசனை.

"அண்ணாச்சி," என்றான் மசூது மெல்ல, "ஒங்க கைவேலையா?"

சொரிமுத்து மடியிலிருந்த பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். பை கனத்தது.

கோச்சம்மா நேரம் கேட்டு எல்லாரையும் பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். அவள் கோட்டயத்துக்காரி. எண்ணெய் வாசனையை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜஸ்லீன் கையைப் பிடித்து மோந்தாள்.

"எண்ணெயோ! மேட்ச் அன்னைக்கா எண்ணெய்? யாரு கொண்டுவந்தது?"

முன்வரிசையிலிருந்து சொரிமுத்து எழுந்தார்.

"நாந்தாம்மா. வலிக்குதேன்னு குடுத்தேன். புள்ளையளத் திட்டாதீய."

"நீங்க யாரு?"

"வேல்விழிக்கு அப்பன்."

கோச்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வண்டி கெட்ட வார்த்தை இருந்தது. ஆனால் நேரம் இல்லை. வரிசையாக ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாக் கையும் வழவழ. கடைசியில் வேல்விழி கையைத் தொட்டவள் நின்றாள்.

"இது மட்டும் உணங்கிக் காஞ்சு இருக்கே. நீ தேய்க்கலையா?"

"எண்ணெய் தீந்துபோச்சு மேடம்" என்றாள் வேல்விழி.

சொரிமுத்துவின் கையிலிருந்த பைக்குள் கேன் இருந்தது. அதில் எண்ணெய் கால்வாசி இருந்தது. மூடியைத் திறந்து காட்டினால் போதும். அவர் பையை மெல்ல இறக்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். காலை அதன் முன்னால் வைத்து மறைத்துக்கொண்டார்.

"போ. நீ பந்து கொண்டுபோ" என்றாள் கோச்சம்மா.

அப்படித்தான் வேல்விழி கோட்டுக்குள் கால் வைத்தாள்.

உயரமான பெண்களுக்கு நடுவில் அவள் அகப்பைக்காம்பு மாதிரி இருந்தாள். ஆனால் பந்து அவள் உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவே, கயிறு போட்டுக் கட்டினாற்போல ஏறி இறங்கியது. ஒருத்தி மறித்தாள். இவள் இடுப்பை ஒடித்து அந்தப் பக்கம் போனாள். இன்னொருத்தி கையை நீட்டினாள். இவள் அந்தக் கைக்கு அடியில் புகுந்தாள். மற்றவர்களிடம் பந்தைக் கொடுத்தால் நழுவும் என்று தெரிந்து, கடைசி மட்டும் தானே வைத்திருந்து, கூடைக்குப் பக்கத்தில் போன பிறகே ஜஸ்லீனிடம் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். ஜஸ்லீன் பிடிக்காமலே உள்ளே தள்ளினாள். அடுத்து வேல்விழியே தூரத்திலிருந்து ஒன்று எறிந்தாள். பந்து கூடை வளையத்தைத் தொடாமல் சரக்கென்று இறங்கிக் கீழே விழுந்தது.

அடியில்லாததால்தான் அந்தச் சத்தம் வருகிறது என்று சொரிமுத்துவுக்கு அப்போது புரிந்தது.

"இப்ப நம்புதீயளா?" என்றான் மசூது.

"செத்த சும்மா இருலே. பாக்கவிடு."

ஆனாலும் தோற்றுப்போனார்கள். ஆரம்பத்தில் நழுவவிட்டதை எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒரு கூடை வித்தியாசம். வெண்கலம் கஜகஸ்தானுக்குப் போனது. ஜஸ்லீன் தரையில் உட்கார்ந்து எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்த சொரிமுத்து நாற்காலிக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே சாரல். அணி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வேல்விழி துண்டுகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் அவளைப் புங்கமரத்தடிக்குக் கூப்பிட்டு, மஞ்சள் பையைத் திறந்து கேனைக் காட்டினார்.

"இது என்னது?"

அவள் கேனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"வழுக்கும்னு ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியாதுன்னு சொன்னா நம்புவீயளா?"

"மாட்டேன்."

"பொறவு எதுக்குக் கேக்கீய?"

"நீ என்ன சொல்லுதன்னு பாக்க."

வேல்விழி மூட்டையைக் கீழே வைத்தாள். "தெரியும்ப்பா. எண்ணெய்க்காரர் மவளுக்குத் தெரியாதா? எல்லாரும் ஆசையா கேட்டாங்க. சீயக்கா போட்டா போயிரும்னு நெனச்சேன். போடல. அப்பவாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்திச்சு. முழுங்கிட்டேன்."

"ஏன் முழுங்குன?"

"ஏன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவருக்கு நன்றாகவே தெரியும். பெஞ்சில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவளை அவரும்தானே பார்த்தார். ஊரில் ஒருத்தரையும் நம்பாதவர், தன் வீட்டுக்குள் இருக்கிற ஆளைச் சந்தேகப்பட மறந்துபோனார். கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. இத்தனை நாள் இவள் யாரென்று தெரியாமலே சோறு போட்டிருக்கிறோம் என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"விடு. கேனு என்கிட்டதான இருக்கு. எவனுக்கும் தெரியாது."

"ஜஸ்லீன் அழுதா, பாத்தீயளா?"

"பாத்தேன்."

"நான் மேடத்துட்டச் சொல்லிட்டு வாரேன்."

"பைத்தியமாட்டி ஒனக்கு? இப்பத்தான் உள்ள விட்டிருக்கா. லிஸ்ட்லயிருந்து தூக்கிருவா."

"தூக்கட்டும்."

அவர் அவள் கையைப் பிடித்தார். அவருடையது எண்ணெய் பழகின கை. அவள் சுலபமாக உருவிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் கண்ணாடியில் சாரல் வழிந்தது. உள்ளே கோச்சம்மாவும் வேல்விழியும் நிற்பது தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. கோச்சம்மா இடுப்பில் கை வைத்தாள். அப்புறம் ஜஸ்லீன் எழுந்து வந்தாள். வேல்விழி தலையைக் குனிந்தாள். ஜஸ்லீன் அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். சொரிமுத்து பஸ்ஸைப் பார்த்து ஓடினார். அவர் போய்ச் சேருமுன் ஜஸ்லீன் திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

வேல்விழி ஜன்னலைத் தள்ளினாள். கண் சிவந்திருந்தது.

"கோச்சம்மா என்னட்டி சொன்னா?"

"கேம்புக்கு வரணுமாம். ஆட்டத்த நான் ஆடிக் காட்டிட்டேனாம், அத இல்லன்னு சொல்ல முடியாதாம். ஆனா கேம்பு முடியுத மட்டும் எல்லாரு துண்டையும் நாந்தான் தொவைக்கணும். ஜஸ்லீன் பேச மாட்டேங்கா."

பஸ் உறுமியது. சொரிமுத்து கேனை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டப்போனவர், சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் மொதல்லயே சொன்னேம்லா" என்றார், பஸ்ஸோடு நடந்துகொண்டே. "துண்டுக்குத்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போறாவன்னு. எவன் கேட்டான்? ஏட்டி, தொவச்சா நல்லாத் தொவ. அந்த நெட்டச்சி துண்ட மட்டும் சீயக்கா போட்டு அலசு. எண்ணெய் லேசுல போவாது."