ஓட்டை இல்லாத படகு

சனிக்கிழமை உச்சிப்பொழுதில் அந்தச் செய்தி தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு வந்தது. ஓயா ஆறு பெருகிவிட்டது, அக்கரை மலையில் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய நாலு பெண்கள் நட்டாற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ஜெயலெட்சுமி. தேயிலை காயவைக்கும் அடுப்பறையில் விறகு தள்ளிக்கொண்டிருந்த அழகருக்கு அவள்தான் பெண்சாதி. கையிலிருந்த கட்டையை அடுப்பில் போட்டானா, தரையில் போட்டானா என்று அவனுக்கே தெரியாது. ஓடினான்.

கரையில் பாதித் தோட்டம் நின்றது. மேலே நமுனுகுல மலையில் கொட்டிய மழை, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் கல்மேல் கால் வைத்துத் தாண்டிப் போன ஆறு அது. இப்போது கல்லெல்லாம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ரெண்டு கட்டில் அகலப் பாறையில் நாலு பேரும் முதுகில் கூடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நீர் பாறை விளிம்பைத் தொட்டுவிட்டது.

"பயப்படாதீங்க! தொரை நீளப் படகக் கொண்டார ஆள் அனுப்பியிருக்காக!" என்று யாரோ கத்தினார்கள்.

அதைக் கேட்டதும் அழகர் திரும்பிப் பார்த்தான். கரையோரம் வண்டிக்காரர் பலீல் நானாவின் மாட்டுவண்டி, தாண்ட வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. வண்டியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வட்டப் படகு இருந்தது. அது கொழும்புக்கே திரும்பிப் போகிறது. போவதற்குக் காரணம் அழகர்.

அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரைக்குக் கீழ்நாட்டுக் குளங்களில் வாத்துச் சுட வேண்டும் என்று ஆசை. அதற்காக ரப்பர் பூசிய துணியில் செய்த காற்றுப் படகு ரெண்டை வரவழைத்தார். துருத்தியால் ஊதினால் படகு, காற்றை இறக்கிவிட்டால் பாய் மாதிரி சுருட்டி வைக்கலாம். எது நல்லதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவது என்று பேச்சு. ஸ்டோருக்குத் தண்ணீர் தேக்கும் குளத்தில் பரீட்சை. ஊதுகிற வேலை அழகருக்கு. துடுப்புப் போடுகிற வேலை கந்தப்பனுக்கு. அவன் ஜெயலெட்சுமியின் தம்பி, மீன் குஞ்சு மாதிரி நீந்துவான். துரை கையில் கடிகாரத்தோடும் நோட்டுப் புத்தகத்தோடும் கரையில் நின்றார்.

நீளப் படகுக்கு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து ஆட்கள் வைத்த பெயர் வாழைமட்டை. ரெண்டு துடுப்புப் போட்டால் நேராகப் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் உட்கார்ந்தவன் இடுப்பைக் கொஞ்சம் அசைத்தால் போதும், ஆளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு மல்லாந்துவிடும். வட்டப் படகின் பெயர் பணியாரம். அது ஒரு இடத்தில் நின்று சுற்றுவதற்கென்றே பிறந்தது. கந்தப்பன் கிழக்கே துழாவினால் அது மேற்கைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மூன்று பேர் ஒரே ஓரத்தில் ஏறிக் குதித்தும் அது கவிழவில்லை.

மூன்றாம் நாள் வந்தது வினை. வெளியே மழைச்சாரல், எலும்பைத் துளைக்கிற குளிர். வாழைமட்டையைக் கொட்டகையில் வைத்து ஊதி முடித்ததற்கே அழகருக்குப் பல் கிட்டியது. பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பறைக்குப் போனான். அங்கே கதகதப்பாக உட்கார்ந்து ஊதினான். கல் மாதிரி விறைத்து நின்ற படகு, குளத்துக் குளிர் தண்ணீரில் இறங்கிய சற்று நேரத்தில் துவண்டு போனது. கந்தப்பன் ஏறி உட்கார்ந்ததும் நடுவில் மடங்கியது.

"ஏய் அழகர்! என்னா இது?" என்று துரை கத்தினார்.

அழகர் துரையின் பிரம்பைப் பார்த்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். "ஓட்டை இருக்குங்க தொரை" என்று சொல்லிவிட்டான்.

துரை அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சாயந்தரம் அழகர் படகை அடுப்பறைக்குக் கொண்டுவந்தபோது, யாரும் ஊதாமலே அது திரும்ப விறைத்து நின்றது. ஓட்டை இருந்தால் திரும்ப விறைக்குமா? சூட்டில் பெருத்த காற்று குளிரில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அழகருக்கு அப்போதே விளங்கிவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். துரையின் பிரம்பு கண் முன்னால் வந்தது. சத்தமில்லாமல் காற்றை இறக்கிச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டான். லயத்துக்குப் போய்ப் பெண்சாதியிடமும் ஓட்டை என்றே சொன்னான். அவள் கொழுந்து மலையில் சொன்னாள். ரெண்டே நாளில் தோட்டம் முழுக்க அதற்கு 'ஓட்டைப் பணியாரம்' என்று பெயர் ஆகிவிட்டது.

இப்போது வாழைமட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பலீல் நானா வண்டிக் கயிறுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு நீளமாக்கினார். ஆறு வளைகிற இடத்தில் விட்டால் ஆற்றின் இழுப்பே படகைப் பாறைப் பக்கம் கொண்டுபோகும், அப்புறம் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. "நான் போறேன், எங்க அக்கா அங்க நிக்குது" என்று கந்தப்பன் ஏறினான்.

இது குளம் இல்லையே, ஓடுகிற தண்ணீராச்சே, இடுப்பை அசைத்தாலே கவிழ்கிற படகாச்சே என்று அழகரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருவேளை போய்ச் சேர்ந்துவிடுமோ? சேர்ந்துவிட்டால் தன் பொய் யாருக்கும் தெரியாமலே போய்விடுமே. சீ, என்ன மனுஷன் இவன் என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் பேசவில்லை.

பாதி தூரம் நேராகப் போன வாழைமட்டை, கயிறு விறைத்ததும் குறுக்கே திரும்பியது. விலாவில் தண்ணீர் மோதியது. கண் மூடித் திறப்பதற்குள் மல்லாந்துவிட்டது. பாறையிலிருந்து ஜெயலெட்சுமி "ஐயோ தம்பி!" என்று போட்ட அலறல் இந்தக் கரை வரைக்கும் கேட்டது. கந்தப்பன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். இழுத்துக் கரையில் போட்டபோது நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. படகு கல்லில் கிழிந்து வெறும் துணியாகக் கிடந்தது.

துரை கிழிந்த படகைப் பார்த்தார். "பதுளைக்கு ஆள் அனுப்பு. வேற வழி இல்லே" என்றார். பதுளைக்குப் போய் ஆள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாறைமேல் தண்ணீர் பெண்களின் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

அழகர் துரை காலடியில் போய் விழுந்தான்.

"தொரை, வண்டில இருக்கிற வட்டப் படகுல ஓட்டை இல்லைங்க. நான் பொய் சொன்னேங்க. அடுப்பறைச் சூட்டுல வச்சு ஊதிட்டேன், குளுந்த தண்ணில சூம்பிப்போச்சு. அது நல்ல படகுங்க தொரை, எத்தன பேர் ஏறுனாலும் கவுறாதுங்க."

கந்தப்பன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "அடப்பாவி மச்சான்! நான் ஏறுறதுக்கு முன்னாடி இதச் சொல்லித் தொலைச்சா என்ன?"

துரை பிரம்பை ஓங்கினார். பலீல் நானா குறுக்கே வந்தார். "அடிக்கிறத அப்பறம் அடிங்க தொரை. தண்ணி நமக்காக நிக்காது." சொல்லிக்கொண்டே பெட்டியை உடைத்தார்.

மழையிலேயே படகை விரித்து ஊதினார்கள். அழகர் துருத்தியை விடவே இல்லை. படகு விறைத்தது, கயிற்றையும் கட்டினார்கள். ஆனால் ஏற யாரும் முன்வரவில்லை. ஓட்டைப் பணியாரத்தில் ஏற எவனுக்குத் தைரியம் வரும்? அழகர் சொன்ன பொய்யை நம்பியவர்கள், அவன் சொன்ன நிஜத்தை நம்பத் தயாராக இல்லை.

"நான் போறேங்க" என்றான் அழகர். அவனுக்கு நீச்சல் தெரியாது. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

படகு கரையை விட்டதுமே சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்றில் பாறை தெரிந்தது, அடுத்த சுற்றில் துரை தெரிந்தார், அதற்கடுத்து வெறும் ஆறு. அழகர் படகின் ரெண்டு பக்கத்துப் பிடி வளையத்தையும் பிடித்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டான். விலாவில் தண்ணீர் மோதிய போதெல்லாம் படகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றியது. ஆனால் கவிழவில்லை. பாறையில் தொம்மென்று முட்டி நின்றது. நாலு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"இது அந்த ஓட்டப் படகுதானே? இதுல எதுக்கு வந்தீங்க? சாகுறதுக்கா?" ஜெயலெட்சுமி அழுதாள்.

"செத்தா இந்தப் பாறையிலயே சாகுறேன், இதுல ஏற மாட்டேன்" என்றாள் பக்கத்தில் இருந்த வயதானவள்.

"ஓட்டை இல்ல புள்ள. தொரைக்குப் பயந்து பொய் சொன்னேன். படகு நல்ல படகு."

ஜெயலெட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். குனிந்து படகின் விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினாள். இன்னொரு இடத்தில் அமுக்கினாள். அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "காத்து இருக்கு. ஏறுங்க."

வயதானவளையும் இன்னொருத்தியையும் ஏற்றிவிட்டார்கள். கூடையை விடமாட்டேன் என்று வயதானவள் பிடித்த பிடியை அழகர்தான் பிரித்தெடுத்தான். கரையிலிருந்து இழுத்தார்கள். படகு சுற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்ப வளைவுக்குத் தூக்கிப் போய் விடும் வரைக்கும் அழகரோடு சேர்த்து மூன்று பேரும் பாறையில் நிற்க வேண்டியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. மிஞ்சியிருந்த சின்னப்பெண் ஜெயலெட்சுமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொரைகிட்ட பயந்துக்கிட்டுச் சொன்னீங்க, சரி" என்றாள் ஜெயலெட்சுமி, ஆற்றைப் பார்த்தபடியே. "எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அழகர் தலை குனிந்தான். "ஒருத்தர்கிட்டச் சொன்னத எல்லார்கிட்டயும் அதே மாதிரி சொல்லணுமே புள்ள."

"நானும் எல்லாருந்தானா?"

படகு வந்து முட்டியது. அழகர் சின்னப்பெண்ணை முதலில் ஏற்றி, பிறகு பெண்சாதியை ஏற்றி, கடைசியில் தானும் விழுந்தடித்து ஏறினான். காலடியில் பாறை தண்ணீருக்குள் மறைந்துகொண்டிருந்தது. சுற்றச் சுற்ற, ஜெயலெட்சுமியின் கட்டைவிரல் மட்டும் படகின் விளிம்பில் ஒரே இடத்தில் அமுக்கிக்கொண்டிருந்தது. அழகர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். அது உள்ளே போய்விடுமோ, போய்விடுமோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் உயிர் போய் உயிர் வந்தது.

கரையில் கந்தப்பன் அக்காவைத் தூக்கி இறக்கினான். சனம் ஓவென்று கத்தியது. துரை அழகரின் பக்கத்தில் வந்து, "திங்கக்கிழம பெரட்டுக்கு வா. உன்னே அங்கே பாக்குறேன்" என்று பல்லைக் கடித்தார்.

"சரிங்க தொரை" என்றான் அழகர். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பிரம்படியோ, வேலை போவதோ, எதுவானாலும் அப்போது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெண்சாதி பிழைத்துவிட்டாள். அவளுடைய கையைப் பிடிக்கப் போனான்.

ஜெயலெட்சுமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "இனிமே நீங்க வீட்டுல எதச் சொன்னாலும், அமுக்கிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

சொல்லிவிட்டுத் தம்பியின் நெற்றிக் காயத்தைக் கட்டப் போய்விட்டாள்.