ஆறாவது டம்ளர்

வீட்டம்மா கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றி நீட்டியபோதே அவளுக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு நாளாவது காகிதக் கப்பைத் தவிர வேறெதிலும் டீ குடித்ததில்லை. குடித்துவிட்டுக் கசக்கி எறிய வேண்டும். அவள் வாய் பட்டது அலமாரிக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

“என்னம்மா, இன்னைக்கு இதுல?”

“ஏன், நீயும் மனுஷிதானே!” வீட்டம்மா சிரித்தாள்.

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஐயா பசுமைக் கட்சியில் சீட்டு கேட்டிருந்தார். நாலு பேர் மரக்கன்றோடு அலைந்தபோது ஊரே கேலி செய்த கட்சி. போன தேர்தலில் மூன்று வார்டைப் பிடித்ததும், ஐயாவுக்கும் திடீரென்று மரத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது. சீட்டு வேண்டுமென்றால், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள் எதுவும் வீட்டில் இல்லையென்று கட்சிக்காரர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

“கப் பாக்கெட்டை உன் பையில ஒளிச்சு வை. கேட்டா, எல்லாரும் ஒரே மாதிரி டம்ளர்லதான் குடிக்கிறோம்னு சொல்லு. மாத்திச் சொன்னே, நாளையிலிருந்து வராதே.” வீட்டம்மா மிரட்டினாள்.

கட்சியிலிருந்து வந்த பெண் சமையலறைக் கூடையைக் கிளறிப் பார்த்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் இதுலதான் குடிப்பீங்களா?”

“இப்பக்கூட இதுலதாங்க குடிச்சேன்.”

பொய்யில்லை.

‘தூக்கி எறியாத வீடு’ என்ற பலகையை வாசலில் மாட்டிவிட்டு, கைதட்டிவிட்டு, எல்லோரும் போனார்கள். வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளே வந்தவள் குப்பைக் கூடையைப் பார்த்தாள். டீத்தூளின் மேல் அவள் குடித்த டம்ளர் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

டம்ளரை எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள், அலமாரியில் இருந்த மற்ற ஐந்தோடும் சேர்த்து இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

வீட்டம்மா வந்து கூடையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“நீ குடிச்சது எதுடி?”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கேம்மா. எனக்கே தெரியலை.”

கூடத்திலிருந்து ஐயா குரல் கொடுத்தார். “பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோச்சு, தண்ணி கொண்டா!”

வீட்டம்மாவின் கை அலமாரி வரை போய் அப்படியே நின்றது.

அவள் தன் பையிலிருந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒரு காகிதக் கப்பை எடுத்து மேடையில் வைத்தாள்.

“ஐயாவுக்கு இதுல குடுங்கம்மா.”