அப்பர் படுக்கை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் நின்ற யாழ்ப்பாண பஸ்ஸுக்குள் தகப்பன் சிவபாதசுந்தரத்தை ஏற்றி முடிக்க உஷாந்திக்கு மாலை ஆறரை ஆகிவிட்டது. உள்ளே இரண்டு தட்டாகப் படுக்கைகள். கொண்டக்டர் மேல்தட்டைக் காட்டினான்.

"இதுதான் அக்கா உங்கட ரெண்டும்."

"மேலயோ? இவருக்கு இடுப்பு முறிஞ்சு மூண்டு மாதம். ஏறமாட்டார்."

"நீங்கள்தானே அப்பர் எண்டு கேட்டனீங்கள்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காலையில் யாழ்ப்பாணத்தில் பெரியப்பா செத்த செய்தி வந்த கையோடு பஸ் கந்தோருக்கு ஃபோன் பண்ணி இரண்டு படுக்கை கேட்டாள். "அப்பரோ?" என்றது மறுமுனை. தகப்பனை அப்பர் என்றே சொல்லி வளர்ந்தவள் வேறென்ன நினைப்பாள்? வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அழுதால் மூன்று ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும். பஸ்காரனுக்கும் தெரிந்திருக்கிறது, பாவம், கூட வருவது தகப்பனோ என்று அக்கறையாய் விசாரிக்கிறான் என்று மனம் இளகிப்போய், "ஓம் தம்பி, அப்பர்தான்," என்றாள். நன்றி வேறு சொன்னாள். மேல்தட்டுக்கும் பெற்ற தகப்பனுக்கும் ஒரே பெயர் வந்து வாய்த்து இப்படியா கழுத்தை அறுக்க வேண்டும்!

கீழ்த்தட்டில் ஒவ்வொரு திரையாக விலக்கிக் கெஞ்சினாள். ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி. ஒருவருக்குக் கண்ணில் கட்டு. ஒரு மனுஷிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள்தான். இல்லை என்று சொல்ல அவர்களுக்கே சங்கடமாக இருந்தது. திட்டுவதற்கு ஒருவராவது கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நடுவில் கிடத்தலாம் என்றால், அது ஓர் ஆள் சரிந்து போகிற அகலம். இருந்துகொண்டு போக இடுப்பு விடாது. கேட்ட வேன் எதுவும் இன்றைக்கு இல்லை.

"தூக்கிவிடுங்கோ," என்றார் சிவபாதசுந்தரம். "நாளைக்குக் காலமை ஒன்பதுக்கு எடுக்கினம். அண்ணையின்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

கொண்டக்டரும் டிரைவரும் தூக்கிப் பார்த்தார்கள். அரைவாசி உயரம்கூடப் போகவில்லை, அவர் அலறிய அலறலில் பஸ்ஸே அடங்கிப்போனது. மெல்ல இறக்கி நிறுத்தினார்கள்.

"இறங்குவம் அப்பா."

"சும்மா இரு பிள்ளை. அண்ணை பாத்துக்கொண்டு கிடப்பார்."

பஸ் வெளிக்கிடும் நேரம், ஏழு மணியாயிற்று. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சிவபாதசுந்தரம் ஏணியின் முதற்கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. கொண்டக்டர் குனிந்து, "விடுங்கோ ஐயா," என்று விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். ஒரு விரலை விலக்கி அடுத்ததற்குப் போவதற்குள், விலக்கிய விரல் திரும்பவும் கம்பியைப் பிடித்துக்கொண்டது.