மாமாவின் குட்டி ஃபேன்

என் வீட்டுக்காரர் பெனினுக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பவர் பேங்க்தான். சோப்புக்கட்டி அளவுள்ள அந்த பேட்டரியில் எதையெல்லாம் சொருகி ஓட்டலாம் என்பதிலேயே மனுஷர் புத்தி நிற்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபேக்டரியில் தறி ஓட்டிவிட்டு வருவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஃபோனை எடுத்து, அடுத்து என்ன வாங்கலாம் என்று பார்ப்பார். டீ டம்ளரைச் சூடாக வைத்திருக்கும் தட்டு ஒன்று வந்தது. அதில் வைத்த டீ, வைக்காத டீயைவிடச் சீக்கிரம் ஆறியது. மோர் கடையும் குச்சி வந்து சுவரெல்லாம் மோர் அடித்தது. கொசுவைப் பிடிக்க நீல விளக்கு வந்தது. இதுவரை அதில் செத்தது ஒரே ஒரு ஈசல்.

என் தையல் மெஷினில் வளைகிற கழுத்துள்ள சின்ன விளக்கு ஒன்றும் மாட்டிக் கொடுத்திருக்கிறார். தளவாய்புரத்துக் கடைக்காரர்களுக்கு நான் நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். கரண்டு போனாலும் ஊசி முனை தெளிவாகத் தெரிகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வாரமே நாலு பார்சல் வந்து இறங்கும் என்பதால் நான் சொன்னதில்லை.

அவர் வாங்கியதிலேயே வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு பச்சை ஃபேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்கென்று தனி பேட்டரி கிடையாது, பவர் பேங்கில் சொருகினால் சுற்றும், ரப்பர் கழுத்து. என் மாமனார் யாகப்பன் புழுக்கமே தாங்காதவர். மார்கழியிலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவர் படுக்கையில் விழுந்த அந்தக் கோடையில் கரண்டு போகும்போதெல்லாம் அந்த ஃபேனைத் தலைமாட்டில் வைப்போம். கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, கையை நீட்டி அதன் கழுத்தைப் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் ஏசம்மாள் அத்தை பக்கம் திருப்பிவிடுவார். "எனக்குப் போதும், நீங்க வாங்கிக்கிடுங்க" என்று அத்தை திரும்ப அவர் பக்கமே திருப்புவார். அவர் மறுபடியும் திருப்புவார். தைத்துக்கொண்டே இதைப் பார்த்து நான் சிரிப்பேன். மாமா போனபிறகு அந்த ஃபேனைக் காணவில்லை. இவர்தான் எங்கேயோ தொலைத்துவிட்டார் என்று ஒரு பாட்டம் திட்டியும் வைத்தேன்.

மாமாவை அடக்கம் செய்தது அவருடைய சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, செவந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றிக் காத்திருப்போம். சாயங்காலம் பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அவர் வரும்போது திரி எரிந்துகொண்டிருக்க வேண்டும். எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அதற்காகத்தான் குடையும் கையுமாகக் குந்திக்கொண்டு பாடுபடுவார்கள், ஏனென்றால் அந்த நாளில் மழை வராத வருஷமே இல்லை.

போன வருஷம் எங்களுக்கு முதல் கல்லறைத் திருநாள். சாமியார் எங்கள் முன்னால் வந்து நின்ற நேரம் பார்த்து ஒரு சாரல் அடித்துத் திரி அணைந்துவிட்டது. பெனின் தீக்குச்சியை உரசி உரசிப் பார்த்தார், நமுத்த பெட்டி. சாமியார் ஜெபத்தை முடித்து அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். அத்தை வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவிய வீடு வந்து சேருற வரைக்கும் ஒரு நாளு நான் வாசல் லைட்டை அணைச்சதில்லட்டி. இன்னிக்கு இருட்டுல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். பெனின் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

அதனால் இந்த வருஷம் அவர் வாங்கிய விளக்குச் சரத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. நூல் மாதிரிக் கம்பியில் கடுகு கடுகாக மஞ்சள் விளக்குகள். மழை பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். முந்தின நாள் சாயங்காலமே பவர் பேங்கில் சொருகி, ஃபோனையும் அதிலேயே சார்ஜ் போட்டு, படுக்கப் போகும்வரை எரியவிட்டுப் பார்த்தார். அணையவே இல்லை. "யம்மா, இந்த வருசம் அப்பாவுக்கு லைட்டு நிக்கும்" என்றார். அத்தை அந்தச் சரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போதே தூறல். கல்லறையைக் கழுவி மாலை போட்டோம். பெனின் சிலுவையில் சரத்தைச் சுற்றி, பவர் பேங்கைப் பாலிதீன் பைக்குள் வைத்துக் கட்டி, பட்டனை அமுக்கினார். சிலுவை மஞ்சளாக எரிந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை அடங்குவதற்குள் அணைந்தது. மறுபடி அமுக்கினார், எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது.

"சார்ஜ் போட மறந்துட்டீயளா?" என்றேன்.

"ஃபுல்லா இருக்குட்டி." பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கே பிடிபட்டது. "லைட்டு ரொம்பக் கொஞ்சமாத்தான் கரண்டு இழுக்குது. ஒண்ணுமே மாட்டலைன்னு நெனச்சு பேட்டரி தானா ஆஃப் ஆயிருது. நேத்து ஃபோனும் சேந்து கெடந்துச்சுல்லா, அதான் எரிஞ்சிருக்கு."

"அப்ப ஃபோனை மாட்டுங்க."

"வயரு உன் மெஷின் மேல கெடக்கு."

வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் சாமியாரின் ஜெபச் சத்தம் இரண்டு வரிசை தள்ளிக் கேட்டது. சீக்கிரம் மெழுகுதிரி ஏற்றலாம் என்று பார்த்தால் திரி தெப்பமாக நனைந்திருந்தது. பெனின் மண்டிபோட்டு, அணைய அணைய பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பின்கழுத்தில் மழை வழிந்தது. இத்தனை சாமான் வாங்கிய மனுஷருக்கு இன்றைக்கு இது ஒன்று மட்டும் கைகொடுக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"ஏலே பெனினு, கூட ஏதாவது ஒரு சாமான் ஓடுனா நிக்குமா?" என்று அத்தை கேட்டார்.

"நிக்கும்மா. இப்ப அதுக்கு எங்க போக?"

அத்தை தன் கைப்பையைத் திறந்தார். கர்ச்சீப், ஜெபமாலை, மாத்திரை டப்பா எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார். பச்சை ஃபேன். தூசி துடைத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார். சொருக ஒரு பேட்டரியும் இல்லாமல், கோயிலுக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் இதைச் சுமந்துகொண்டுதான் போயிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். "என்னலே பாக்க? மாட்டு" என்றார்.

பெனின் மாட்டினார். நடுக்குகிற நவம்பர் மழையில், கல்லறை மேல், அந்த ஃபேன் விர்ரென்று சுற்றியது. அத்தை அதன் கழுத்தை மாமாவின் பெயர் வெட்டியிருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார். விளக்கு எரிந்தது. அணையும் அணையும் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துப் பார்த்திருந்தோம். எரிந்துகொண்டே இருந்தது.

சாமியார் வந்தார். விளக்கைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். கேட்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது, கேட்கவில்லை. ஜெபத்தைத் தொடங்கினார். நாங்கள் கைகூப்பி நின்றோம். ஃபேனின் ரப்பர் கழுத்து பழசாகித் தளர்ந்திருந்ததால், ஓடுகிற அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டு வந்தது. பெனின் அதைப் பிடிக்கக் குனிந்தபோது நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்தபோது அது அத்தையை நேராகப் பார்த்து நின்றது. தீர்த்தத் துளிகள் காற்றில் சிதறி அத்தையின் நெற்றியிலும் கன்னத்திலும் அடித்தன. அத்தை கண்ணை மூடினார். முன்முடி பறக்க, அப்படியே நின்று காற்று வாங்கினார். நான் அழுதுவிட்டேன்.

சாமியார் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, ஃபேனின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகக் கல்லறைப் பக்கம் திருப்பினார்.

"எனக்குப் போதும், நீங்க வாங்கிக்கிடுங்க" என்றார்.